ஐந்து வயலின்கள்



1921ஆம் ஆண்டு, ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் பிரசங்கித்து வந்த சீமோன் கிம்பாங்கு என்பவரைப் பெல்ஜியக் காலனி அரசு சிறையிலடைத்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1951இல், அவர் சிறைவாசத்திலேயே மரித்தார். அவரைப் பின்பற்றியவர்களோ ஒரு பெரிய திருச்சபையாகப் பெருகினார்கள்.

அத்திருச்சபையின் மக்களைக் கொண்டு, 1994இல் தலைநகரான கின்ஷாசாவில் ஒரு சிம்பொனி இசைக்குழு தோன்றியது. அதைத் தொடங்கியவர் கிம்பாங்குவின் பேரன் அர்மான் தியங்கியெண்டா. விமானியாயிருந்து வேலையை இழந்தவர்; இசைக்குழுவை நடத்தும் கலையைத் தாமாகவே கற்றுக்கொண்டவர்.

அது மொபுட்டு ஆட்சியின் இறுதிக் காலம். 1991இலும் 1993இலும் சம்பளமில்லாத போர்வீரர்கள் சூறையாடிய நகரம் அது. அங்கே வயலின் கற்க வந்தவர்கள் பன்னிரண்டு பேர். இருந்தவையோ ஐந்தே வயலின்கள். ஆகவே முறைவைத்து வாசித்தார்கள். ஒருவர் தம் நேரம் முடிந்ததும் கருவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, அமர்ந்து கேட்டார். தந்தி அறுந்தபோது மிதிவண்டியின் பிரேக் கம்பியைக் கட்டினார்கள். பகலெல்லாம் வியாபாரமும் கைத்தொழிலும் செய்தவர்கள், மாலையில் ஒத்திகைக்கு வந்தார்கள். நடுவே மின்சாரம் நின்றுபோவதும் உண்டு.

இப்படித் தொடங்கிய குழு பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை இசைக்குமளவு வளர்ந்தது. 2010இல் ஜெர்மானிய இயக்குநர்கள் இருவர் இவர்களைக் குறித்து ஓர் ஆவணப்படம் வெளியிட்டார்கள். 2013இல் லண்டனின் ராயல் ஃபில்ஹார்மோனிக் சங்கம் தியங்கியெண்டாவைக் கௌரவ உறுப்பினராக்கியது.

பிரியமானவர்களே, அந்த ஐந்து வயலின்களும் முதல் ஐவரின் கையிலேயே தங்கியிருந்தால், மற்ற ஏழு பேரும் சில வாரங்களில் வீடு திரும்பியிருப்பார்கள். ஐவருக்கு வாசிக்கத் தெரிந்திருக்கும், இசைக்குழு உருவாகியிருக்காது.

நம்முடைய சபையிலும் கருவிகள் சிலவே. ஆர்மோனியம் ஒன்று, பாடகர் குழுவின் தலைமை ஒன்று, ஓய்வுநாள் பள்ளியின் பொறுப்பு ஒன்று. அவற்றை ஆண்டுக்கணக்கில் உண்மையாய்ச் சுமந்தவர்களுக்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். ஆயினும் அவர்களருகே தங்கள் முறைக்காகக் காத்து நிற்கும் வாலிபரையும் நாம் கவனிக்க வேண்டும். நெடுங்காலம் காத்தவர்கள் ஒருநாள் சொல்லாமலே போய்விடுகிறார்கள். அவர்கள் கையில் முதலில் சுருதி பிசகலாம். கின்ஷாசாவிலும் முதலில் பிசகியே இருக்கும்.

இந்த வாரம் உங்கள் கையிலிருக்கும் ஊழியத்தை எண்ணிப் பாருங்கள். அதை யாருக்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள்? அந்த ஒருவரின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். பின்பு அவரை அழைத்து அருகில் அமரச் செய்யுங்கள்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.