துப்பட்டி, கோஷா, பர்தா

நெல்லைப் பக்கத்தில் லாரிச் சரக்கின் மேல் இழுத்துக் கட்டுவது படுதா. கொடைவிழா நாடக மேடையில் காட்சிக்குக் காட்சி ஏறி இறங்குவதும் படுதா. மேலப்பாளையம் கடைவீதியின் பெயர்ப்பலகைகளில் இருப்பதோ பர்தா. இரண்டும் ஒரே சொல்தான். பாரசீகத்தில் ‘பர்தா’ என்றால் திரை. அது ஒரு தடவை தமிழ் நாக்குக்கு இசைந்து படுதாவாகி எல்லாருக்கும் பொதுச்சொல் ஆனது. இன்னொரு தடவை ஒலி மாறாமல் வந்து முஸ்லிம் பெண்ணின் உடைக்குப் பெயராக நின்றது.

எந்த உடைக்கு? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இந்த வட்டாரத்தில் பர்தா என்பது தோளிலிருந்து கணுக்கால் வரை இறங்கும் கறுப்பு அங்கி. முகம் முழுக்கத் தெரிந்தாலும் அது பர்தா, கண் மட்டும் தெரிந்தாலும் பர்தா. வீட்டுப் பேச்சுக்கு இது போதும். சட்டத்தைப் பற்றிப் பேசப் போதாது. பிரான்ஸ் 2004இல் கொண்டுவந்த சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களின் வெளிப்படையான மத அடையாளங்களை விலக்கியது. தலைத்துணி அதில் அடங்கும். 2010இல் நிறைவேறி 2011 ஏப்ரல் 11இல் நடைமுறைக்கு வந்தது வேறு சட்டம். அது பொது இடத்தில் முகத்தை மறைப்பதைத் தடுத்தது. அபராதம் 150 யூரோ வரை. அதன் வாசகத்தில் இஸ்லாம் என்ற சொல்லும் இல்லை, புர்கா என்ற சொல்லும் இல்லை. முகம் திறந்த கறுப்பு அங்கியோடு தெருவில் நடக்க அந்தச் சட்டப்படி தடை கிடையாது. இந்த இரண்டையும் “பர்தாவுக்குத் தடை” என்று ஒரே வாயில் சொன்னால் கடையநல்லூரில் இருப்பவருக்கு என்ன புரியும்? ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் வெவ்வேறு துணிகளை மனத்தில் வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள்.

கறுப்பு அங்கி இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்குப் புதிது. இன்று பாட்டிகளாக இருக்கும் பெண்கள் இளமையில் போர்த்தியது வெள்ளைத் துப்பட்டி. சொல் வடக்கேயிருந்து வந்தது. ‘து’ என்பது இரண்டு. பட்டி என்பது துணிப்பட்டை. இரண்டு பட்டைகளைச் சேர்த்துத் தைத்தால் ஒரு போர்வை. வடக்கே அதே சொல் துப்பட்டாவாகி மெல்லிய மேலாடையானது. தெற்கே அது கனத்த போர்வையாகவே தங்கியது. மேலப்பாளையமும் கடையநல்லூரும் தறிச் சத்தம் கேட்ட ஊர்கள் என்பதால், துணியின் அகலமும் கனமும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியவை அல்ல.

துப்பட்டிக்குப் பொத்தான் இல்லை, நாடா இல்லை. சேலைக்கு மேலே தலையிலிருந்து போர்த்தி, முன்புறத்தைக் கையால் பிடித்துக்கொள்வார்கள். எதிரே அந்நிய ஆண் வந்தால் ஓரத்தை இழுத்து ஒரு கண் மட்டும் தெரியப் பிடிப்பார்கள். தெரிந்த பெண் வந்தால் விலக்கிப் பேசுவார்கள். முகத்தை மூடுவதும் திறப்பதும் கையின் வேலை, ஒரு நடையிலேயே பல தடவை நடப்பது. துப்பட்டி முகத்திரையா இல்லையா என்று சட்டம் கேட்டால், அதற்குத் துணி பதில் சொல்லாது.

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே இருக்கும் காயல்பட்டினத்தில் துணிக்குத் துணையாக ஊரின் அமைப்பே இருந்தது. வீடுகளுக்குப் பின்னால் ஓடும் குறுகலான முடுக்குகள் பெண்கள் நடமாடுவதற்கானவை. வீடு மகளுக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். பெண்கள் கூடித் தொழவும் ஓதவும் தனித் தைக்காக்கள் உண்டு. ஆண்கள் கொழும்புக்கும் அதற்கப்பாலும் மாணிக்க வணிகத்துக்குப் போன காலங்களில் பெண்கள் தாய்வீட்டிலேயே, அம்மாவும் அக்காள் தங்கையும் சூழ இருந்தார்கள். வெளியாள் கண்ணுக்கு மறைவு என்று படுவதன் உள்ளே இப்படி ஒரு பெண்ணுலகம் இருந்தது. அதைச் சொர்க்கம் என்று சொல்ல முடியாது. துவரங்குறிச்சியில் சிறுவயதிலேயே பள்ளி நின்றுபோய் வீட்டுக்குள் இருக்க நேர்ந்த எழுத்தாளர் சல்மா, ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யை எழுதி அந்த உள்ளறைகளின் வலியைத் தமிழுக்குக் காட்டினார். அந்த நாவலின் பெண்களை அடக்கி வைப்பது துணியைவிட வீடு.

வீட்டுக்குள் இருப்பதற்கும் ஒரு சொல் இருந்தது: கோஷா. பாரசீகத்தில் ‘கோஷா’ என்றால் மூலை. மூலையில் அமர்ந்தவள் கோஷாப் பெண். 1885இல் சென்னையில் மருத்துவர் மேரி ஷார்லீப் முன்னின்று தொடங்கிய பெண்கள் மருத்துவமனைக்கு விக்டோரியா மகாராணியின் பெயரோடு ‘சாதி, கோஷாப் பெண்களுக்கானது’ என்றும் பெயரிட்டார்கள். திருவல்லிக்கேணியில் அது இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்றால் போதும். அந்தப் பழைய பெயரில் ‘சாதி’ என்ற சொல் இருப்பது கவனிக்க வேண்டியது. ஆண் மருத்துவரிடம் வரமாட்டோம் என்று இருந்தவர்களில் உயர்சாதி இந்துப் பெண்களும் இருந்தார்கள்.

அதற்குத் தாமிரபரணிக் கரையிலேயே சான்று உண்டு. ஸ்ரீவைகுண்டத்தில் மண் மதில் சூழ்ந்த ஒரு கோட்டை. அதற்குள் வாழ்ந்தவர்கள் கோட்டைப் பிள்ளைமார் என்ற சிறு வேளாளச் சமூகம். அந்தப் பெண்கள் பிறந்ததும் மணமானதும் முதிர்ந்ததும் மதிலுக்குள்ளேயே. வெளி ஆண்கள் அவர்களைப் பார்த்ததில்லை. அவர்கள் கரைக்குப் போய் ஆற்றைப் பார்த்ததும் இல்லை. மானிடவியலாளர் கமலா கணேஷ் அவர்களைப் பற்றி ஆராய்ந்து 1993இல் ஒரு நூலே எழுதினார். முகத்திரை முஸ்லிம்களுடைய வழக்கம், மற்றவர்கள் திறந்தவெளியில் இருந்தார்கள் என்று பேசுபவர்கள் ஒரு தடவை ஸ்ரீவைகுண்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே பெண்ணுக்குத் துணித் திரை தேவைப்படவில்லை. மதில் போதுமானதாக இருந்தது. சட்டமும் இதை அறிந்தே இருந்தது: நாட்டு வழக்கப்படி பொதுவில் வராத பெண்களை நீதிமன்றத்துக்கு நேரில் வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 132ஆம் பிரிவில் சொல்கிறது. அந்தப் பிரிவு எந்த மதத்தின் பெயரையும் சொல்லவில்லை.

கோட்டையின் கட்டுப்பாடு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தளர்ந்தது. அதற்காக எந்த அரசும் தடைச் சட்டம் போடவில்லை.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் துணியின் இடம் வேறாகத் தெரிகிறது. மதிலுக்குள் இருப்பவள் வெளியே வர முடியாது. முடுக்கில் நடப்பவள் அடுத்த தெரு வரை போகலாம். துப்பட்டியோ அங்கியோ போட்டவள் பேருந்து ஏறலாம், பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போகலாம், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கலாம். வளைகுடா வேலை பெருகிய 1980களுக்குப் பிறகு வெள்ளை மெல்லக் கறுப்பானது. பிடித்த கைக்குப் பதிலாகத் தைத்த கை வந்தது. அதே காலத்தில்தான் பெண்கள் கல்லூரிக்குப் போவதும் பெருகியது. கறுப்பு அங்கியை விரும்பி ஏற்றவர்களும் உண்டு, வீட்டாரின் வற்புறுத்தலுக்காகப் போட்டவர்களும் உண்டு. துப்பட்டியே போதும் என்று வருந்திய மூத்த பெண்களும் உண்டு. இவர்கள் மூவருக்கும் ஒரே தீர்ப்பு எழுத எந்தச் சட்டத்தாலும் முடியாது.

அங்கியோடு புதிய சொற்களும் வந்தன. பள்ளிச் சிறுமியின் தலைத்துணிக்கு மக்கனா என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. முகத்தை மறைக்கும் தனித்துணிக்கு நிகாப் வந்தது. உடல் முழுவதற்குமாகப் புர்கா பேசப்பட்டது. அரபியில் அது முகத்திரையின் பெயர். ஹிஜாப் என்பது குர்ஆனில் ஏழு இடங்களில் வரும் சொல். அங்கே அதன் பொருள் தடுப்பு, திரை. தலைத்துணி என்ற பொருள் பிற்பாடு ஏறியது. 2022இல் உடுப்பிக் கல்லூரி வாசலில் தலைத்துணி அணிந்த மாணவிகள் தடுக்கப்பட்டபோது தமிழ்ச் செய்திகளில் இந்தச் சொல் வீட்டுச் சொல்லாகிவிட்டது. அந்த வழக்கில் முகத்தை மறைப்பது பற்றிய கேள்வியே இல்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் மார்ச் 15இல் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றத்தில் அக்டோபர் 13இல் இரு நீதிபதிகளும் இருவேறு தீர்ப்புச் சொன்னார்கள்.

உண்மையான முகத்திரைத் தடையைத் தமிழ் பேசும் முஸ்லிம்கள் அனுபவித்தது இலங்கையில். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின், 29ஆம் தேதி அவசரகால விதியாக அது வந்தது. அடையாளம் காண இடையூறாக முழு முகத்தையும் மறைக்கக் கூடாது என்றது விதி. முழு முகம் என்றால் காதுகளும் சேர்த்து என்று விளக்கமும் சொன்னது. முக்காடு போட்டாலே காது மறையும். அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் முகம் திறந்த பெண்களைக் கூடத் தலைத்துணியை எடுக்கச் சொன்ன சம்பவங்கள் நடந்தன. ஒரு சொல்லின் எல்லையைக் கவனிக்காமல் எழுதிய சட்டம், குற்றமற்ற பெண்ணின் காதில் போய் நின்றது. காயல்பட்டினத்தில் கொழும்பு உறவு இல்லாத தெரு அரிது. அந்த அச்சம் கடல் கடந்து இங்கும் வந்தது. அவசரநிலை ஆகஸ்டில் காலாவதியானபோது தடையும் விலகியது. 2021இல் நிரந்தரத் தடைக்கான யோசனைக்கு இலங்கை அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு மார்ச் 7இல் சுவிட்சர்லாந்து மக்கள் 51.2 சதவீத வாக்குகளால் முகத்திரைத் தடையை ஏற்றார்கள். 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கேரளத்தில் முஸ்லிம் கல்விச் சங்கமே 2019இல் தன் கல்லூரிகளில் முகத்தை மறைக்கும் உடையை விலக்கியது. அதைச் செய்தது சமூகத்துக்குள் இருக்கும் அமைப்பு. அது கல்லூரி வாசலோடு எல்லை முடியும் விதி. தெரு முழுவதற்கும் காவலரை நிறுத்தும் சட்டத்தோடு அதைச் சேர்த்து எண்ணக் கூடாது.

முகம் தெரிய வேண்டிய இடங்கள் உண்டு என்பதை மறுக்க முடியாது. வாக்காளர் பட்டியலில் கோஷாப் பெண்களின் படம் வேண்டாம் என்று மதுரையிலிருந்து ஒரு வழக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் அதை ஏற்கவில்லை. 2010இல் உச்ச நீதிமன்றமும் படம் வேண்டும் என்றே சொன்னது. அது நியாயம். அதற்குத் தெருவில் தடை போட வேண்டியிருக்கவில்லை. பர்தாப் பெண்கள் அதிகம் உள்ள வாக்குச்சாவடிகளில் பெண் அலுவலரும் மறைவான ஓர் இடமும் வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் ஏற்பாடு. அங்கே ஒரு பெண் முகத்தைப் பார்த்து, படத்தோடு ஒப்பிட்டு, விரலில் மை வைத்து அனுப்புகிறார். 2022 பிப்ரவரி 19இல் மேலூர் நகராட்சித் தேர்தலில் ஒரு கட்சியின் முகவர், ஹிஜாபோடு வந்த வாக்காளரைத் தடுத்து அதைக் கழற்றச் சொன்னார். மற்றக் கட்சிகளின் முகவர்கள் எழுந்து எதிர்த்தார்கள். வாக்குப்பதிவு சிறிது நேரம் நின்றது. அந்த முகவரை வெளியே அனுப்பிய பிறகு மீண்டும் தொடங்கியது.