கயிற்றுக்கு வெளியே ஆடுபவர்கள்

பிரேசில் கார்னிவல் என்றதும் இறகுக் கிரீடமும் மினுங்கும் உடையும்தான் நம் நினைவுக்கு வரும். சுற்றுலா விளம்பரங்கள் பழக்கிய படம் அது. திருநீற்றுப் புதனன்று தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாட்களில் நடக்கும் இந்தக் கொண்டாட்டத்தில், யாருடைய மேளத்துக்குத் தடை இருந்தது என்று கேட்டுப் பாருங்கள் தோழர்களே, வேறொரு வரலாறு கிடைக்கும்.

போர்த்துகீசியர்கள் கொண்டுவந்தது 'என்ட்ரூடோ' என்ற விளையாட்டு. தெருவில் தண்ணீரையும் மாவையும் ஒருவர்மேல் ஒருவர் வீசுவார்கள். வாசனைத் தண்ணீர் நிரப்பிய மெழுகு எலுமிச்சைகளையும் எறிவார்கள். அந்த எலுமிச்சைகளைச் செய்து தெருவில் விற்றவர்களில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்கள் பலர்.

ஆப்பிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 48 லட்சம் பேரை அடிமைகளாக இறக்கிய நாடு பிரேசில். 1888 மே 13 அன்று அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களுக்கு நிலமும் இல்லை, இழப்பீடும் இல்லை. இரண்டே ஆண்டில், 1890இல் வந்த தண்டனைச் சட்டம் வேலையின்றித் திரிவதையும் கபோய்ரா ஆடுவதையும் குற்றமாக்கியது. வேலை தராதவர்களே வேலையில்லாதவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். 1905இல் பாஹியா மாநிலத்தின் சால்வடோர் நகரில், கார்னிவலில் ஆப்பிரிக்க மேளம் அடித்து வருவதற்கே தடை வந்தது.

பாஹியாவிலிருந்து ரியோ டி ஜெனிரோவுக்குக் குடிபெயர்ந்த கறுப்பினப் பெண்களில் ஒருவர் தியா சியாட்டா. 'தியா' என்றால் அத்தை. தெருவில் பலகாரம் விற்றுப் பிழைத்த அவருடைய வீட்டில்தான் சாம்பா இசைக்காரர்கள் கூடினார்கள். அவர்களில் ஒருவரான ஜோவாவ் டா பயானாவின் பாண்டெய்ரோவை (நம் கஞ்சிராவைப் போன்றது) போலீஸ் பறித்துக்கொண்டது. சாம்பாவை ரசித்த செனட்டர் ஒருவர் புதிதாக ஒன்றை வாங்கி, அதில் தன் பெயரைப் பொறித்துக் கொடுத்தார். ஒரு தோல்கருவிக்கு அவ்வளவு பெரிய சிபாரிசு தேவைப்பட்டது!

1930களில் அரசே சாம்பாவைத் தேசிய அடையாளமாக்கியது. ஆனால் சாம்பா வளர்ந்த பிராசா ஒன்சே சதுக்கத்தை, அடுத்த பத்தாண்டில் அகலச் சாலைக்காக இடித்துத் தள்ளியது. இசை வேண்டும், இசைத்தவர்களின் குடியிருப்பு வேண்டாம். இதை வாசிக்கும் நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சால்வடோரில் பணக்காரக் கார்னிவல் குழுக்கள் கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலத்தில், லிபர்தாடே பகுதி இளைஞர்கள் 1974இல் 'இலே ஆயே' என்ற குழுவைத் தொடங்கினார்கள். கறுப்பினத்தவர் மட்டுமே உறுப்பினர்கள். நடந்துகொண்டிருந்தது ராணுவ ஆட்சி. 1975இல் அவர்கள் முதன்முறை தெருவில் இறங்கியபோது, ஊரின் பெரிய நாளிதழ் அவர்களையே இனவெறியர்கள் என்றது. விலக்கி வைத்தவர்கள்மேல் அந்தப் பட்டம் விழவில்லை.

இன்றும் சால்வடோரில் பாட்டு லாரியைச் சுற்றி ஒரு கயிறு உண்டு. காசு கொடுத்துக் குழுவின் சட்டை வாங்கியவர்கள் உள்ளே ஆடுவார்கள். வெளியே நெருக்கியடித்துத் துள்ளும் கூட்டத்துக்கு 'பிபோக்கா', அதாவது பாப்கார்ன், என்று பெயர். கயிற்றைப் பிடித்து நடப்பவர்கள் நாள்கூலிகள். பெரும்பாலும் ஏழைக் கறுப்பினத்தவர்கள். கூலியோடு கையுறையும் காதடைப்பானும் குடிநீரும் வேண்டும் என்பது அவர்கள் போராடிக் கேட்ட கோரிக்கை.