மேசையைச் சுற்றித் தெரியாத பிளவு

மாணவர்கள் நாட்டுப் பிரதிநிதிகளாக நடிக்கும் மாதிரி ஐ.நா. மாநாடுகளில் ‘நெருக்கடிக் குழு’ என்றொரு பிரிவு உண்டு. பல நாட்டுப் பிரதிநிதிகளுக்குப் பதிலாக ஓர் அரசின் அமைச்சரவையே அங்கே கூடலாம். அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் வியட்நாம் போர்க்கால அமைச்சரவை இதற்கு வாகான களம். ஆனால் போர் ஆதரவு அணி, எதிர்ப்பு அணி என மேசையை இரண்டாகப் பிரித்து, நன்றாகப் பேசியவருக்குப் பரிசு கொடுத்தால், அந்த அரசு பிளவுபட்டிருந்த விதம் மாணவருக்குப் பிடிபடாது. ஏனெனில் அந்தப் பிளவு பேச்சில் இருந்ததைவிட மௌனத்திலும் ரகசியக் குறிப்புகளிலுமே அதிகம் இருந்தது.

வெளியுறவுத் துறையின் ஜார்ஜ் பால் 1964 அக்டோபரில் போரை எதிர்த்து நீண்ட குறிப்பொன்று எழுதினார். அது ஜான்சனின் பார்வைக்குப் போனதே அடுத்த ஆண்டுதான். 1965 ஜூலையில் நேருக்கு நேர் பேசவும் பாலுக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஜான்சன் பொறுமையாகக் கேட்டார். ஜூலை 28 அன்று, படைபலம் 75,000-இலிருந்து 1,25,000 ஆகும் என்று அறிவித்தார். எதிர்ப்பாளர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்வதே, எல்லாத் தரப்பையும் கேட்டுவிட்டோம் என்ற நிம்மதியை அரசுக்குக் கொடுத்துவிடும். பேச்சுக்கு மதிப்பெண் போடும் நடுவர் பாலுக்கே பரிசு கொடுப்பார். வரலாறு கொடுக்கவில்லை.

பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மக்னமாராவின் பாத்திரம் இன்னும் சிக்கலானது. வெளியில் போரின் முகமே அவர்தான். உள்ளேயோ, 1967 நவம்பர் 1 அன்று குண்டுவீச்சை நிறுத்தவும் படைபலத்தை அதற்கு மேல் உயர்த்தாதிருக்கவும் பரிந்துரைத்து அதிபருக்குக் குறிப்பு எழுதினார். அந்த மாதமே அவர் உலக வங்கிக்குப் போவது அறிவிக்கப்பட்டது. அவரை எந்த அணியில் உட்காரவைப்பது?

திருப்பம் சொற்பொழிவால் வரவில்லை. 1968 ஜனவரி இறுதியில் கம்யூனிஸ்ட் படைகளின் டெட் தாக்குதல் நடந்தது. பிறகு படைத்தலைமை மேலும் 2,06,000 பேரைக் கேட்டது. மக்னமாராவின் இடத்துக்கு வந்த கிளார்க் கிளிஃபர்ட் தளபதிகளிடம் எளிய கேள்விகளைத்தான் அடுக்கினார்: இத்தனை பேர் போதுமா? எவ்வளவு காலம் ஆகும்? வெல்லும் திட்டம் என்ன? உறுதியான பதில் எதற்கும் இல்லை. மார்ச் 12-இல் நியூ ஹாம்ப்ஷயர் முதனிலைத் தேர்தலில், ஜான்சனை எதிர்த்த போர் எதிர்ப்பு வேட்பாளர் யூஜின் மெக்கார்த்தி சுமார் 42 விழுக்காடு வாக்குப் பெற்றார். மாத இறுதியில், சில மாதம் முன்புவரை போரை ஆதரித்த டீன் அச்சிசன் போன்ற மூத்த ஆலோசகர்களும் விலகும் வழியைத் தேடச் சொன்னார்கள். மார்ச் 31 அன்று ஜான்சன் வட வியட்நாமின் பெரும்பகுதியில் குண்டுவீச்சை நிறுத்தினார். தாம் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்றும் அறிவித்தார்.

ஆகவே பாவனைப் பயிற்சியில் மதிப்பெண் கேள்விக்குப் போகவேண்டும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாதபடி தனிக்குறிப்புகள் வேண்டும். அதிபரை மறுத்தால் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வராமல் போகும் அபாயமும் வேண்டும். மாணவருக்கு முடிவு முன்பே தெரியுமே என்ற ஆட்சேபம் நியாயமானது. 1975-இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்ததை யாரிடம் மறைக்க முடியும்? அன்றைய தேதிவரையிலான ஆவணங்களை மட்டுமே ஆதாரமாகக் காட்டலாம் என்ற விதி ஓரளவு உதவும்.

துணை அதிபர் ஹூபர்ட் ஹம்ப்ரி 1965 பிப்ரவரியில் போர் விரிவாக்கத்தை எதிர்த்துக் குறிப்பு எழுதி, முக்கிய ஆலோசனைகளிலிருந்து ஒதுக்கப்பட்டார். அவர் வேடமேற்கும் மாணவர் அடுத்த அமர்வு முழுக்க வராந்தாவில்தான் உட்காரவேண்டும். கட்டணம் கட்டி வந்தவர் முணுமுணுப்பார். ஹம்ப்ரிக்கும் அது பிடித்திருக்கவில்லை.