ஒரு குழாய் வெடித்தது!

நமக்கு ரேடியேட்டர் என்றால் லாரிக்கு முன்னால் இருக்கும் சமாச்சாரம். குளிர்தேசங்களில் அது வீட்டுக்குள் இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே, விலா எலும்பு மாதிரி வரிவரியாக இரும்பு. உள்ளே வெந்நீர் ஓடும். அறை கதகதப்பாகும்.

இதைக் கண்டுபிடித்த பெருமையை பிரான்ஸ் சான் கல்லி என்பவருக்குத் தருகிறார்கள். பிரஷ்யாவில் பிறந்து, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பட்டறை நடத்தியவர். 1855 வாக்கில் அவர் செய்த சாதனத்துக்கு வைத்த பெயர் 'சூட்டுப் பெட்டி'.

பிறகு அந்த ஊர் லெனின்கிராட் ஆனது. 1924 நவம்பர் 25 அன்று, அங்கிருந்த ஒரு மின்நிலையத்தின் வெப்பத்தைக் குழாய் வழியாக ஃபோன்டாங்கா ஆற்றங்கரையின் 96-ம் எண் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். சோவியத் அரசுக்கு இந்த ஐடியா பிடித்துப்போனது. வீட்டுக்கு வீடு அடுப்பு எதற்கு? ஊருக்குப் பொதுவாகக் கொதிகலன் போதாதா? நகரம் நகரமாக வெந்நீர்க் குழாய்கள் ஓடின. விறகு, கரி, சாம்பல் தொல்லை விட்டது.

சரி, ரேடியேட்டர் ஒழுகினால்?

வீட்டுக்கென்று தனிக் கொதிகலன் இருந்தால் பிரச்னை சின்னது. ரேடியேட்டரின் இரு பக்க வால்வுகளையும் மூடிவிட்டு பிளம்பரைக் கூப்பிடலாம். சோவியத் காலத்துப் பல பிளாட்டுகளில் அந்த வால்வே கிடையாது. மாடிக்கு மாடி ஒரே செங்குத்துக் குழாய். உங்கள் வீட்டு ஒழுகலை அடைக்க, பிளம்பர் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போய் அந்தக் குழாயையே மூடித் தண்ணீரை வடிக்க வேண்டும். மேல்வீடு, கீழ்வீடு எல்லோருக்கும் குளிர்தான். அவர் வரும்வரை பக்கெட்!

இது ஒரு வீட்டுக் கதை. ஊர்க்கதை 2006-ல் நடந்தது.

கிழக்கு உக்ரைனில் லுகான்ஸ்க் மாகாணத்தின் ஆல்செவ்ஸ்க், ஓர் உருக்காலை நகரம். ஜனவரி 22. வெளியே மைனஸ் 30 டிகிரியை ஒட்டிய குளிர். ஊருக்கு வெந்நீர் கொண்டுவரும் முக்கியக் குழாய் ஒன்று வெடித்தது. ஓட்டம் நின்ற தண்ணீர், வீடுகளுக்குள் உறைய ஆரம்பித்தது. தண்ணீர் பனிக்கட்டியானால் சுமார் 9 சதவிகிதம் பெருக்கும். வார்ப்பிரும்பு அதற்கு வளைந்து கொடுக்காது, பிளக்கும். வீடு வீடாக ரேடியேட்டர்கள் பிளந்தன. சுமார் 60,000 பேர் குளிரில் தவித்தார்கள். கழிவுநீர்க் குழாய்கள்கூட உறைந்துபோயின. அடுக்குமாடியில் விறகு கிடைத்தும் பயனில்லை. புகைபோக்கி கிடையாதே!

குழந்தைகளை வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெல்டர்கள் வந்து இறங்கினார்கள். முக்கியக் குழாயை ஒட்டவைத்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பிளாட்டாக ஏறி, பிளந்ததைக் கழற்றி, புதிதாக மாட்ட வேண்டும். ஒரு வீட்டில் ஒரு விரிசலை விட்டுவிட்டாலும், தண்ணீர் திறந்ததும் கீழ்வீடுகளில் வெள்ளம். வேலை வாரக்கணக்கில் இழுத்தது.

வியாபாரக் கணக்கில் 'தேய்மானம்' என்று ஒரு வரி உண்டு. இயந்திரம் நன்றாக ஓடும்போதே, அது வருஷத்துக்கு எவ்வளவு தேய்கிறது என்று எழுதியாக வேண்டும். சோவியத் யூனியன் 1991-ல் கலைந்தது. அது போட்ட குழாய்கள் மண்ணுக்கடியில் தேய்ந்துகொண்டே இருந்தன. அடுப்பு இருந்தவரை அது அவரவர் கவலை. குழாய் எல்லோருக்கும் பொது. அதனால் அதன் தேய்மானத்தை யாரும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை. ஆல்செவ்ஸ்க்காரர்களுக்கு மொத்த பில்லும் ஒரே நாளில் வந்தது.