ஹால்டியர்

ஹால்டியர் என்பது ஈ, கொசு முதலிய இருசிறகிப் பூச்சிகளில் பின்னிறக்கைகளின் இடத்தில் அமைந்துள்ள ஓரிணை சமநிலை உறுப்பு ஆகும். இது சிறு தண்டும் அதன் நுனியில் ஒரு குமிழும் கொண்டது. பண்டைய கிரேக்கத்தில் நீளம் தாண்டுவோர் கைகளில் பிடித்த எடைகளின் பெயரே இதற்கு வழங்குகிறது.

செயற்பாடு

பறக்கும்போது ஹால்டியர்கள் இறக்கைகளின் அதே அதிர்வெண்ணில், பெரும்பாலும் அவற்றுக்கு எதிர்த்திசையில் அசைகின்றன. உடல் திரும்பும்போது, அசையும் குமிழின் மீது கொரியோலிசு விசை செயற்படுகிறது. இதனால் தண்டின் அடியில் ஏற்படும் நுண்ணிய திரிபை அங்குள்ள உணர்விகள் அறிகின்றன. அச்செய்தி நரம்புகள் வழியே இறக்கைத் தசைகளையும் கழுத்துத் தசைகளையும் அடைய, ஈ தன் நிலையைத் திருத்திக்கொள்கிறது. ஹால்டியர்களை நீக்கினால் ஈ நிலைகுலைந்து விழும்.

ஆய்வுகள்

ஹால்டியர் உருமாறிய பின்னிறக்கையே என்பதை மரபியல் காட்டுகிறது. அல்ட்ராபைத்தொராக்சு மரபணு மார்பின் மூன்றாம் கண்டத்தில் செயலிழந்தால் பழ ஈயில் ஹால்டியர்களுக்குப் பதிலாக இறக்கைகள் வளரும். இத்தகைய நான்கிறக்கை ஈக்களை உருவாக்கிய எட்வர்டு லூயிசு 1995ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சஞ்சய் சானே குழுவினர் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. இறக்கையையும் ஹால்டியரையும் மார்புக்கூட்டின் இயந்திர இணைப்பே ஒருங்கிசைக்கிறது என அது காட்டியது. இறந்த ஈயின் இறக்கையை அசைத்தபோதும் ஹால்டியர் உடன் அசைந்தது.