ஆலை நகரங்களில் ஒலிக்கலையும் காட்சிக்கலையும்: அகமதாபாத் முன்னோடியும் திருப்பூர் வட்டாரமும்

1. வாதம்

ஒலிக்கலைஞரும் காட்சிக்கலைஞரும் சேர்ந்து செய்யும் சோதனைப் படைப்புகளில் பெரும்பாலும் படம் முதலில் முடிந்துவிடுகிறது. ஒலி பிறகு வந்து ஒட்டிக்கொள்கிறது. இதைக் கூட்டுப்படைப்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை. இருவரும் ஒரே மூலப்பொருளிலிருந்து, ஒரே நாளில் தொடங்க வேண்டும். நெசவுத் தொழிலில் அந்த மூலப்பொருள் ஏராளமாக இருக்கிறது. இசைக்கும் தறிக்கும் உள்ள உறவும் பழையது: பிரான்சின் இயந்திரக் கலைஞர் வோக்கான்சோன் 1738இல் புல்லாங்குழல் வாசிக்கும் இயந்திரப் பொம்மையைக் காட்சிக்கு வைத்தார். 1745இல் தானியங்கித் தறி செய்தவரும் அவரே.

2. அகமதாபாத்

காலிகோ துணி ஆலையை நடத்திய சாராபாய் குடும்பத்தின் கௌதமும் கீராவும் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாக முன்னின்றவர்கள். அவர்களின் சகோதரி கீதா 1946இல் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்தவர். 1969இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டூடர் மூக் சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவியுடன் அந்நிறுவனத்தில் ஒரு மின்னிசைக் கூடம் அமைத்தார். கீதா சாராபாய், எஸ்.சி. சர்மா, ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் 1972 வரை அங்கே செய்த ஒலிப்பதிவுகள் பல்லாண்டுகள் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. கலைஞர் பால் பர்காஸ் அவற்றைத் தேடி எடுத்தார்; அவை 2023இல் வெளியாயின.

இதில் முக்கியமானது அந்தச் சின்தசைசர் போய்ச் சேர்ந்த இடம். அது சங்கீதக் கல்லூரிக்குப் போகவில்லை. வரைபவர்களும் துணி வடிவமைப்பவர்களும் படமெடுப்பவர்களும் நடமாடும் கட்டடத்துக்குப் போனது.

3. பம்பாயும் சூரத்தும்

அரசின் ஆவணப்பட அமைப்பான பிலிம்ஸ் டிவிஷனில் பிரமோத் பதி 1968இல் எடுத்த 'எக்ஸ்புளோரர்' குறும்படத்துக்கு, சென்னையில் பிறந்த புல்லாங்குழல் கலைஞர் விஜய் ராகவ் ராவ் இசையமைத்தார். அதில் படத்துண்டுகளும் ஒலியும் ஒரே வேகத்தில் மோதுகின்றன.

ராகுல் ஜெயினின் 'மெஷின்ஸ்' (2016) ஆவணப்படம் சூரத் பகுதித் துணி ஆலை ஒன்றுக்குள் மெதுவாக நடக்கிறது. வர்ணனைக் குரல் கிடையாது; தொழிலாளியின் களைப்பை இயந்திர இரைச்சலே சொல்கிறது. 2017 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அதன் ஒளிப்பதிவுக்குச் சிறப்பு விருது கிடைத்தது. தகுதியான விருதுதான். ஆனால் அப்படத்தின் பாதிச் சுமையை ஒலி தாங்குகிறது.

4. திருப்பூர் வட்டாரம்

சோமனூர், பல்லடம் பக்கத்து நாடா விசைத்தறியில் நாடா (ஷட்டில்) ஒரு முனையில் அடிபட்டு மறுமுனைக்குப் பறக்கிறது. இடமும் வலமுமாக ஒலி தானே பிரிகிறது. இரண்டு மைக் வைத்தால் துணியின் அகலமே காதில் விழும். நிட்டிங் இயந்திரம் வேறு மாதிரி: வட்டமாகச் சுழலும் ஊசிகளிலிருந்து விட்டுப்போகாத ரீங்காரம், கீழே குழாய்போல் இறங்கும் துணி.

கலைஞர்களுக்கு எல்லாவற்றையும்விட வளமானது ஓவர்லாக் தையல் இயந்திரம் என்பேன். டெய்லர் காலால் பெடலை அழுத்தினால் ஒலி எழும், காலை எடுத்தால் நிற்கும். ஆகவே ஒலியின் நீளம் தையலின் நீளத்தைப் பின்பற்றுகிறது. பனியனின் கைப்பகுதி குறுகிய ஒலி. பக்கவாட்டு நீண்ட ஒலி. கேட்டபடியே ஒருவர் கோடு இழுத்தால் தாளில் ஒரு பனியனின் பாகங்கள் வரிசையாக விழும். அந்தக் கோடுகளுக்கிடையே உள்ள வெற்றிடம், அடுத்த பீஸை எடுக்க டெய்லருக்குக் கிடைக்கும் நேரம். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு அந்த வெற்றிடம் எவ்வளவு குறுகியது என்பதைப் புள்ளிவிவரத்தைவிட இந்த ஓவியம் தெளிவாகக் காட்டும்.

ஒரு கட்டுப்பாடும் உண்டு. இந்தியத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலை உச்சவரம்பாக வைத்திருக்கின்றன. கலைஞர் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். தறிக்காரர் அங்கேயேதான் இருப்பார். இரைச்சலை அழகாக்கிக் காட்டி அவர் காதின் கதையை மறைக்கும் படைப்பை நிராகரிக்க வேண்டும். முதல் காட்சியும் அவருக்கே போட்டுக் காட்டப்பட வேண்டும்.

நாடாத் தறிகள் பழைய இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. முதலிபாளையத்தில் பின்னலாடை வடிவமைப்பு கற்பிக்கும் கல்லூரியும், தறி உரிமையாளர்களும் இப்போதே ஓர் ஒலிப்பதிவாளரையும் ஓர் ஓவியரையும் ஒரே ஷிப்டுக்குள் சேர்த்து உள்ளே விட வேண்டும்.