மலைநாட்டுத் தேயிலையும் பீடைகொல்லி மதிப்பீடும்

கவலைக்குரிய இயல்புகளையுடைய பீடைகொல்லியொன்றைச் சந்தைக்கு அனுமதிக்குமுன், அதே பணியைக் குறைந்த தீங்குடன் ஆற்றவல்ல மாற்று உண்டா என ஒப்புநோக்குதல் வேண்டும் என்று 2009 ஆம் ஆண்டின் 1107 ஆம் இலக்க ஐரோப்பிய ஒழுங்குவிதி வகுத்துரைக்கின்றது. இரசாயனம் சாராத முறைகளும் இவ்வொப்பீட்டில் இடம்பெறும். இச்சிந்தனை இலங்கைத் தேயிலை வரலாற்றுக்கு முற்றிலும் புதியதன்று.

தேயிலையைத் தாக்கிய இலைசுருட்டிப் புழுவை அடக்கும்பொருட்டு 1935-36 காலப்பகுதியில் ஜாவாவிலிருந்து மெக்ரோசென்ட்ரஸ் எனும் ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. அது மலைநாட்டில் நிலைபெற்றுப் புழுவைப் பெரிதும் கட்டுப்படுத்திற்று. பின்னர் தண்டைத் துளைக்கும் வண்டினை ஒழிக்க டீல்ட்ரின் தெளிக்கப்பட்டபோது அக்குளவியும் மடிந்தது. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகிற்று. ஒரு பீடைக்கு இட்ட மருந்து மற்றொரு பீடைக்கு வழிதிறந்தமை, மாற்றுகளை எண்ணிப்பாராத தெரிவின் விளைவாகும்.

1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் பீடைகொல்லிப் பதிவாளரிடம் அனுமதிக்கும் அதிகாரத்தை ஒப்படைத்தது. 1984 இல் பரத்தியன், 1995 இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ், 1998 இல் என்டோசல்பான் எனக் கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. 1995 இல் இலட்சம் பேருக்கு 47 ஆகவிருந்த தற்கொலை வீதம் 2005 இல் 24 ஆகக் குறைந்தது. இத்தடைகளே அதற்கு முதன்மைக் காரணம் என ஆய்வாளர் கருதுவர். பயிர் விளைச்சல் இவற்றாற் குன்றியதாகவும் காணப்படவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2007 இல் பரகுவாட்டின் அனுமதியை நீக்கியது. இலங்கையும் அடுத்த சில ஆண்டுகளில் அதனைப் படிப்படியாகக் கைவிட்டது.

எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. ஐரோப்பாவுக்குச் செல்லும் தேயிலைத் தூளில் நஞ்சின் எச்சம் எவ்வளவு என்பது 2005 ஆம் ஆண்டின் 396 ஆம் இலக்க விதிப்படி நுணுக்கமாக அளக்கப்படுகின்றது. தேநீர் அருந்துவோரை அவ்வளவீடு காக்கும். முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்து மலைச்சரிவில் நடக்கும் தொழிலாளியின் தோலிலும் சுவாசத்திலும் சேர்வதை அது அளப்பதில்லை. அவரைக் காக்கும் பொறுப்பு உள்நாட்டுச் சட்டத்தினதும் தோட்ட நிருவாகத்தினதும் ஆகும்.

கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தவில் மண்சரிவு அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் லயன்கள் மக்களோடு புதையுண்டன. ஏட்டில் முடிந்த மதிப்பீடு உயிர்காக்காது என்பதற்கு ஊவா மண் தந்த கொடிய சான்று அது. பீடைகொல்லி மதிப்பீடும் லயத்து வாசலை எட்டும்போதே தன் பயனை நிறைவு செய்யும்.